இரண்டு கிருத்திகை வந்த ஆடி

திருத்தணி
6.1.2006

அன்புத் தங்கை கவுசருக்கு, அண்ணன் நஜீர் அகமதுவின் ஸலாம்.

இங்கே நானும் உன் பாபியும் சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை முபாஷிர், உன் மாமியார் ரம்ஜான் பீ எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? புனேயில் குளிர் கடுமை என்று டிவியில் சொன்னான். அந்த அம்மாவின் மூட்டுவலி பற்றி எழுது.

மலையில் புத்தாண்டுப் படித்திருவிழா முடிந்து ஆறு நாள் ஆகியும் என் தொண்டை திரும்பவில்லை. அரக்கோணம் ஜங்ஷனில் நின்று "மலைக்கு, மலைக்கு" என்று கத்தினேன். அப்பா காலத்தில் கத்த வேண்டியதில்லை. ரயிலிலிருந்து இறங்குகிறவர்கள் "பாய் வண்டி எங்கே?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். இப்போது மெட்ராஸ்காரர்கள் சொந்தக் காரில் வருகிறார்கள், மிச்சம் பேரை ஷேர் ஆட்டோக்காரன் அள்ளிக்கொண்டு போகிறான்.

அப்பா வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு ஒரு மாதம் முன்னால் எழுதுவாரே, அந்தப் போஸ்ட்கார்டை நான் இன்னும் விடவில்லை. தேதி, ரயில் நேரம், கடைசியில் "வண்டி காத்திருக்கும்". போன ஆடிக்கு நூற்று நாற்பது கார்டு போட்டேன். ஐம்பத்தொன்று திரும்பி வந்துவிட்டது. வீடு மாறிவிட்டார்கள், ஊர் மாறிவிட்டார்கள், இரண்டு பேர் உலகமே மாறிவிட்டார்கள். அப்பா இருபத்தைந்து வருஷம் சேர்த்த குடும்பங்கள் என் கையில் கரைகிறதே என்று இருக்கிறது. வேறொன்றும் எனக்கு விட்டுப் போகவில்லை அவர், இந்தக் குடும்பங்களையும் ஒரு மெட்டடார் வண்டியையும் தவிர. வண்டியை மாற்றியாகிவிட்டது.

நவம்பரில் ஆற்காட்டுக் கல்யாணத்தில் நீ ஏதோ சொன்னாயே, உன் டிராவல்ஸ் ஆபீஸில் மாதாமாதம் ஈமெயிலில் கடிதம் அனுப்புகிறோம், ஆயிரம் பேர் படிக்கிறார்கள் என்று. பிரியாணிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. அதை விவரமாக எழுது. போனில் வேண்டாம், போனில் "சாப்பிட்டாயா" என்று கேட்பதற்குள் மூன்று நிமிஷம் போய்விடுகிறது.

பக்ரீத் வாழ்த்து எல்லோருக்கும்.

துஆவுடன்,
நஜீர் அகமது

---

புனே
22.1.2006

மரியாதைக்குரிய பாய்ஜானுக்கு, கவுசரின் ஸலாம்.

எல்லோரும் நலம். மாமிக்கு மூட்டுவலி தேவலை. ஆனால் என்னைப் பார்த்து ஒரு சந்தேகம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்: "அண்ணனும் தங்கையும் உருதுல பேசுறீங்க, தமிழ்ல எழுதுறீங்க, இது என்ன குடும்பம்?" நம்மை முழங்காலில் நிற்கவைத்துத் தமிழ் சொல்லிக்கொடுத்த வீராசாமி வாத்தியாரைப் பற்றி அவருக்கு எப்படிச் சொல்வது?

ஈமெயில் கடிதம் சுலபம் பாய்ஜான். சேர்ப்பதும் வைத்துக்கொள்வதும்தான் கஷ்டம். எங்கள் ஆபீஸில் நான் கற்றதைச் சொல்கிறேன்.

வண்டியில் ஒரு நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். இறங்கும்போது கேளுங்கள், ஏறும்போது கேட்காதீர்கள். ஏறும்போது அவசரத்தில் இருப்பார்கள், இறங்கும்போது மனசு நிறைந்திருக்கும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கேட்காமல் யாரையும் சேர்க்கவே கூடாது.

மாதம் ஒரு கடிதம், ஒன்றாம் தேதி. அந்தத் தேதி தவறவே கூடாது. ஒரு மாதம் பிந்தினால் நம்மை மறந்துவிடுவார்கள், ஒரே மாதத்தில் இரண்டு போனால் அலுத்துப்போய் விலகிவிடுவார்கள். "எங்கள் வண்டியில் வாருங்கள்" என்று ஒரு தடவைக்கு மேல் எழுதக்கூடாது. அவர்களுக்கு உபயோகமாக ஏதாவது இருக்க வேண்டும். கடைசியில், "இந்தக் கடிதம் வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதுங்கள், பெயரை எடுத்துவிடுகிறோம்" என்று போடவேண்டும்.

விஷயத்தை நீங்கள் தமிழில் எழுதித் தபாலில் போடுங்கள். கிருத்திகைத் தேதியை நானே நாள்காட்டியில் பார்த்துப் போட்டுக்கொள்கிறேன். தமிழ் எழுத்து பாதிப் பேர் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரிவதால், சின்னச் சின்ன வாக்கியமாக இங்கிலீஷில் நான் அடித்து அனுப்புகிறேன். பெயர் "கிருத்திகைக் கடிதம்". சரியா?

பாபிக்கு ஸலாம்.

உங்கள்
கவுசர்

---

திருத்தணி
12.2.2006

அன்புள்ள கவுசருக்கு ஸலாம்.

இருவரும் சுகம், பாபிக்கு மட்டும் ஜலதோஷம்.

நோட்டு கட்டியாகிவிட்டது. கோயில் வாசலில் பூக்கடை வைத்திருக்கும் துரைக்கண்ணு அதைப் பார்த்துவிட்டு, "இன்னா பாய், அட்ரஸ் எழுதி வாங்கிகினு இருக்க, கம்ப்யூட்டர்ல ஊடு கட்டப் போறியா?" என்று கேட்டான். ஆமாம், உனக்கும் ஒரு ரூம் உண்டு என்று சொல்லிவைத்தேன்.

நீ சொன்னது சரி. இறங்கும்போது கேட்டால் கொடுக்கிறார்கள். ஆனால் நடுவில் ஒரு வட்டத்துக்குள் 'ஏ' போட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. முதல் பதினேழு பேருக்கு வெறும் 'ஏ' போட்டு வைத்திருக்கிறேன். நீயே வட்டம் போட்டுக்கொள்.

லாட்ஜ் மேனேஜர் ஆதிகேசவன் நம் சிநேகிதன் அல்லவா, அவன் ரிஜிஸ்டரிலிருந்து நாற்பது விலாசம் எழுதிக் கொடுத்தான். அதையும் வைத்திருக்கிறேன்.

"வேண்டாம் என்றால் எழுதுங்கள்" என்று போடுவது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. கல்யாணப் பத்திரிகையில் "வர இஷ்டமில்லாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடவும்" என்று அச்சடிக்கிற மாதிரி இருக்கிறது.

தங்கவயல் தாயாரம்மாளை உனக்கு நினைவிருக்கும். உனக்குக் கண்ணாடி வளையல் வாங்கி வருவார்களே, அவர்கள்தான். இந்த மாதக் கிருத்திகைக்கு மகன் ராஜகோபாலுடன் வந்திருந்தார்கள். சுரங்கத்தில் புருஷன் மாட்டிக்கொண்டு உயிரோடு வெளியே வந்ததற்கு வேண்டிக்கொண்ட காவடி. முப்பத்தெட்டு ஆடிக் கிருத்திகை, ஒன்றுகூட விடவில்லை. இப்போது எழுபத்தாறு வயது. "எனுக்கு இந்த மெயில் கியில்லாம் தெரியாது நைனா. இவன் பேரப் போட்டுக்கோ. இவன் படிச்சிக் காட்டுவான்" என்று மகனை எழுத வைத்தார்கள்.

முதல் கடிதத்துக்கு விஷயம்: படியேறுகிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் ஏறிவிடட்டும், ஒன்பது மணிக்கு மேல் கல் சுடும். காலுக்குச் சாக்ஸ் போட்டுக்கொள்வது பாவமில்லை. குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் கவர் என்றால் உள்ளே தேங்காய் என்று அர்த்தம், துணிப்பை கொண்டுவரவும்.

நஜீர் அகமது

---

புனே
20.3.2006

பாய்ஜானுக்கு அன்பான ஸலாம்.

நலம். பாபியின் ஜலதோஷம் போயிருக்கும் என்று நம்புகிறேன்.

மார்ச் ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு முதல் கடிதம் போனது. அறுபத்து நான்கு பேர். ஆதிகேசவன் கொடுத்த நாற்பதையும் நான் சேர்க்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் லாட்ஜில் ரூம் கேட்டுக் கொடுத்த விலாசம் அது, நம்மிடம் கொடுத்தது இல்லை.

பத்தொன்பது பேர் பதில் எழுதியிருக்கிறார்கள் பாய்ஜான்! எங்கள் ஆபீஸ் கடிதத்துக்கு ஆயிரம் பேரில் இரண்டு பேர்கூடப் பதில் எழுதுவதில்லை. எல்லோருக்கும் பிடித்தது குரங்கும் சாக்ஸும்தான். சிங்கப்பூரிலிருந்து ஒருவர், "உங்கள் அப்பா வண்டியில் எனக்கு மொட்டை போட அழைத்துப் போனார்கள், நான் வாந்தி எடுத்ததற்கு அவர் திட்டவில்லை" என்று எழுதியிருக்கிறார். அதை ஆபீஸில் உட்கார்ந்து படித்துவிட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து சீட் பெண் கேட்டதற்குக் கண்ணில் தூசி என்றேன்.

மூன்று பேர் மட்டும் வேண்டாம் என்று எழுதினார்கள். எடுத்துவிட்டேன். ஒவ்வொரு கடிதத்திலும் அப்பாவைப் பற்றி நாலு வரி எழுதுங்கள்.

உங்கள்
கவுசர்

---

திருத்தணி
10.6.2006

அன்புள்ள கவுசருக்கு ஸலாம்.

சுகம். வெயில் மட்டும் எங்களைப் பிடித்து வைத்திருக்கிறது.

நோட்டு முடிந்து இரண்டாவது நோட்டு கட்டிவிட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு உன் பாபி பாயசம் வைத்தாள். போன கிருத்திகைக்கு ஜங்ஷனில் நான் வாயே திறக்கவில்லை. நீ அனுப்பிய கடிதத்தைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு ஏழு குடும்பம் என்னைத் தேடி வந்தது. அப்போதுதான் அந்தக் கடிதம் எப்படி இருக்கும் என்றே நான் பார்த்தேன். மேலே ஓரத்தில் வேன் படம் போட்டிருக்கிறாய். நம் வண்டி நீலம், அதில் மஞ்சளாக இருக்கிறது. பரவாயில்லை.

ராஜகோபால் ஒவ்வொரு மாதமும் அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறானாம். இரண்டு தடவை படிக்கச் சொல்கிறார்களாம்.

இந்த மாதம் அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நிறைய வருகிறது. ஜும்மா தொழுகை முடிந்து வந்து, மடியில் நாள்காட்டியை வைத்துக்கொண்டு கார்டு எழுதுவாரே. நீ தண்ணீர் தொட்டு ஸ்டாம்ப் மாதிரி விளையாட்டுக்கு வெறும் காகிதம் ஒட்டிக்கொண்டிருப்பாய். கார்டுக்கு எதற்கு ஸ்டாம்ப் என்று நான் உன்னைக் கிண்டல் செய்தால், "ஒட்டட்டும்டா, அவளும் வேலை செய்யறா" என்பார். அந்தக் காகிதத்தோடுதான் கார்டுகள் போகும். இப்போது உண்மையிலேயே நீதான் அனுப்புகிறாய். அவர் இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லித் தீர்த்திருப்பார்.

நஜீர் அகமது

---

பதிவுத் தபால்
திருத்தணி
23.6.2006

கவுசருக்கு ஸலாம். அவசரம், அதனால் நலம் விசாரிப்பு அடுத்ததில்.

உன் வீட்டுப் போன் நாலு நாளாகச் செத்துக் கிடக்கிறது, மழை என்று நினைக்கிறேன். ஜூலைக் கடிதத்தைப் பிடித்து வை. இந்த வருஷம் ஆடியில் இரண்டு கிருத்திகை வருகிறது. ஜூலை 20 ஒன்று, ஆகஸ்ட் 16 ஒன்று. மலையில் எதைப் பெரிதாகக் கொண்டாடுகிறார்களோ அதுதான் ஆடிக் கிருத்திகை, காவடியெல்லாம் அன்றைக்குத்தான். நான் கிளீனராக இருந்தபோதும் ஒரு தடவை இப்படி வந்தது. அப்பா எல்லாக் கார்டையும் எழுதி அடுக்கிவிட்டு, தேதி இடத்தை மட்டும் வெற்றாக விட்டு வைத்திருந்தார். மேலே போய்க் கேட்டுவந்த பிறகுதான் நிரப்பினார்.

நானும் கேட்டுவிட்டேன். கோயில் மடப்பள்ளியில் சமைக்கும் சுப்புரத்தினம் ஐயர் சொன்னார்: "ரெண்டாவதுதான் பாய். தெப்பம், காவடி எல்லாம் ஆகஸ்டுதான்." ஆகவே ஆகஸ்ட் 16 என்று போடு. ஜூலை 20 என்று போட்டுவிடாதே.

நஜீர் அகமது

---

திருத்தணி
22.7.2006

அன்புத் தங்கை கவுசருக்கு ஸலாம்.

நாங்கள் சுகம். உங்கள் பக்கம் மழை விட்டதா? ரம்ஜான் பீ அம்மா எப்படி இருக்கிறார்கள்?

20ஆம் தேதி வியாழக்கிழமை நான் வழக்கம்போல ஜங்ஷனுக்குப் போனேன். பதினொரு குடும்பம் வந்து இறங்கியது, காவடியோடு. ஆடிக் கிருத்திகைக்கு வருகிறோம் என்று முன்பே போனில் சொன்னவர்கள்தான். தேதி அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிருத்திகைக் கடிதத்தில் 20 என்று இருந்ததாம்.

எல்லோரையும் மேலே கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்தேன். கூட்டமில்லாமல் நல்ல தரிசனம். யாருக்கும் பெரிய கோபமில்லை. தாயாரம்மாளும் வந்திருந்தார்கள். நன்றாக இருக்கிறார்கள்.

நான் பதிவுத் தபாலில் போட்ட கடிதம் உனக்கு எப்போது கிடைத்தது? சும்மாதான் கேட்கிறேன்.

நஜீர் அகமது

---

புனே
2.8.2006

மரியாதைக்குரிய பாய்ஜானுக்கு ஸலாம்.

எல்லோரும் நலம், மாமியும் நலம். மழை விடவில்லை. ரோடெல்லாம் தண்ணீர், தபால்காரரே வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருகிறார்.

உங்கள் பதிவுத் தபால் 21ஆம் தேதிதான் கைக்கு வந்தது. ஒன்றாம் தேதி தவறக்கூடாது என்று நாள்காட்டியைப் பார்த்து நான் போட்ட தேதி அது. தபால் மட்டும் நேரத்துக்கு வந்திருந்தால் இது நடந்திருக்காது. இப்போது ஆகஸ்ட் கடிதத்தில் 16 என்று சரியாகப் போட்டுவிட்டேன்.

நீங்கள் கவலைப்படாதீர்கள். நாலைந்து பேர்தான் விலகியிருக்கிறார்கள். எல்லா மாதமும் நடப்பதுதான்.

கவுசர்

---

திருத்தணி
20.8.2006

அன்புள்ள கவுசருக்கு ஸலாம்.

இருவரும் சுகம். தபால் என்றால் அப்படித்தான், நாம் என்ன செய்ய முடியும்? மனசில் போட்டுக்கொள்ளாதே.

16ஆம் தேதி மலை முழுக்க மஞ்சள். பம்பைச் சத்தம் பேருந்து நிலையம் வரை கேட்டது. முந்தின இரண்டு நாள் என்னால் ஜங்ஷனுக்குப் போக முடியவில்லை, வேறு ஒரு வேலை இருந்தது. அன்றைக்கு மட்டும் ஓட்டினேன். துரைக்கண்ணுவுக்குப் பூ கட்டிக் கட்டி விரல் வீங்கிவிட்டது.

செப்டம்பர் கடிதத்தில் முதலில் இதைப் போடு. ஒரு வார்த்தைகூட மாற்றாதே:

"ஜூலை மாதம் ஆடிக் கிருத்திகைத் தேதியைத் தவறாகச் சொன்னது நான். நாள் பார்த்து லீவு போட்டு, காவடி கட்டி வந்தவர்களை வெறும் மலைக்குக் கூட்டிப்போனேன். என் அப்பா இருபத்தைந்து வருஷத்தில் ஒரு தேதிகூடத் தவறியதில்லை. மன்னிக்க வேண்டும். நஜீர் அகமது, டிரைவர்."

நஜீர் அகமது

---

புனே
12.10.2006

பாய்ஜான்,

ஸலாம். நீங்கள் போட்ட இரண்டு கார்டும் வந்தது. பதில் எழுதாததற்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாம் என்று நினைத்தேன். ரமலான் மாதம், நோன்பு வைத்துக்கொண்டு இன்னொரு பொய் வேண்டாம்.

செப்டம்பர் கடிதம் போகவில்லை. அக்டோபர் கடிதமும் போகவில்லை. நீங்கள் எழுதிக்கொடுத்த மன்னிப்பை நாலு தடவை இங்கிலீஷில் அடித்தேன். "தவறாகச் சொன்னது நான்" என்ற இடம் வரும்போது அனுப்ப முடியவில்லை. ஏனென்றால் அந்த 'நான்' நீங்கள் இல்லை.

உங்கள் பதிவுத் தபால் ஜூலை 21இல் வரவில்லை. ஆறாம் தேதியே வந்துவிட்டது. மாமி கையெழுத்துப் போட்டு வாங்கி, நான் ஆபீஸிலிருந்து வந்ததும் கொடுத்துவிட்டார். அன்றைக்கே படித்தேன். ஜூலைக் கடிதம் ஐந்து நாள் முன்னால் போயிருந்தது. ஒரு திருத்தம் அனுப்பினால் போதும், பத்து நிமிஷ வேலை. பதினான்கு நாள் இருந்தது. அனுப்பவில்லை.

காரணம் சொல்கிறேன், அது காரணமே இல்லை என்றாலும். முந்தின மாதம்தான் எங்கள் ஆபீஸில் ஒரே மாதத்தில் இரண்டு கடிதம் அனுப்பி எண்பது பேர் விலகிப்போனார்கள். நம்முடையது இருநூற்றுப் பன்னிரண்டு. காலையில் முதல் வேலையாக அந்த எண்ணைப் பார்ப்பேன், இரவு படுக்கும்போது நினைத்துக்கொள்வேன். அது குறைவதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. திருத்தம் போட்டால், "கிருத்திகை எதுவென்று பாய்க்கு என்ன தெரியும்" என்று சிரிப்பார்களோ என்ற பயம் வேறு. இரண்டு கிருத்திகையில் முதலாவதாக இருந்தாலும் இருக்கும், சுப்புரத்தினம் ஐயர் மறந்து சொல்லியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறை முதலில் தெரிந்த நாள்தான் நாள் என்று வளர்ந்தவள் அல்லவா, முதலாவதுதான் சரி என்று நம்புவது சுலபமாக இருந்தது.

விலகியவர்கள் நாலைந்து பேரும் இல்லை. ஐம்பத்தேழு பேர். நான் பயந்த அதே வார்த்தையை எழுதியவர்களும் உண்டு. அவற்றை உங்களுக்குச் சொல்லவில்லை. மலையில் நடந்ததை நீங்களும் எனக்கு எழுதவில்லை. ஆனால் ராஜகோபால் எழுதிவிட்டார். ஜூலை 21ஆம் தேதி அவர் அனுப்பிய மெயிலை அப்படியே தமிழில் தருகிறேன்:

"மலையில் ஒரு காவடி இல்லை. என் அம்மா காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு, 'எங்கடா மத்தவங்கல்லாம்?' என்று கேட்டாள். உங்கள் டிரைவர் எங்களுக்கு முன்னால் கைகட்டி நின்றார். ஆகஸ்டில் எனக்கு லீவு கிடையாது. முப்பத்தெட்டு வருஷம் விடாததை உங்களால் விட்டாள். எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள்."

எடுத்தேன். அந்த ஒரு பெயரை எடுக்கும்போது, வளையல் போட்டுவிட்ட கையை நானே தட்டிவிடுவது மாதிரி இருந்தது.

பிறகு ஆகஸ்ட் 18ஆம் தேதி அவரிடமிருந்து இன்னொரு மெயில்:

"14ஆம் தேதி நஜீர் பாய் எங்கள் வீட்டு வாசலில் வண்டியோடு வந்து நின்றார். 'நீங்க வரவேணாம் சார், அம்மாவ மட்டும் அனுப்புங்க. நான் பத்திரமா கூட்டிகினு போய், கொண்டாந்து உட்டுட்றேன்' என்றார். அவர் வீட்டிலேயே அம்மாவைத் தங்கவைத்திருக்கிறார்கள். அவர் மனைவி அம்மாவுக்காகத் தனியாகப் புதுப் பாத்திரம் வாங்கிச் சமைத்திருக்கிறார். 16ஆம் தேதி பூக்கடைக்காரர் துரைக்கண்ணு கூடவே படியேறியிருக்கிறார். அம்மா காவடி செலுத்திவிட்டாள். முப்பத்தொன்பது. தயவுசெய்து என் பெயரை மறுபடி சேர்த்துக்கொள்ளவும்."

இதை ஏன் எனக்கு எழுதவில்லை பாய்ஜான்? "வேறு ஒரு வேலை இருந்தது" என்று எழுதினீர்கள். வருஷத்திலேயே ஓட்டம் அதிகமுள்ள இரண்டு நாளை விட்டுவிட்டுத் தங்கவயல் போய் வந்ததா வேறு ஒரு வேலை?

நேற்று அவரிடமிருந்து மூன்றாவது மெயில். ஒரே வரி. "இரண்டு மாதமாகக் கடிதம் வரவில்லை, அம்மா தினமும் கேட்கிறாள், பாய் சௌக்கியமா?"

என்னால் தாங்க முடியவில்லை. இந்தக் கடிதம் எழுதுகிற வேலையை இனி வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். அப்பா சேர்த்ததைக் கலைத்தது நான்தான்.

கவுசர்

---

திருத்தணி
27.10.2006

என் பிரியமான கவுசருக்கு, அண்ணன், பாபி இருவரின் ஸலாமும் ஈத் வாழ்த்தும்.

நாங்கள் சுகம். பெருநாளுக்குச் சேமியா பாயசம் வைத்துத் துரைக்கண்ணு வீட்டுக்கும் சுப்புரத்தினம் ஐயருக்கும் கொடுக்கப் போனேன். ஐயர் வாங்கமாட்டார் என்று தெரியும். வாசலில் நின்று பேசிவிட்டு அவர் கொடுத்த வாழைப்பழத்தை வாங்கி வந்தேன். பாத்திரம் வெறுமையாகத் திரும்பவில்லை என்று உன் பாபிக்குச் சந்தோஷம்.

உன் கடிதத்தை வண்டியில் உட்கார்ந்து படித்தேன். இரண்டாம் தடவை படிக்கக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். பதிவுத் தபால் போட்டபோது பெற்றுக்கொண்டதற்கான அட்டையும் சேர்த்துத்தான் போட்டேன். அது ஜூலை பன்னிரண்டாம் தேதியே எனக்குத் திரும்பி வந்துவிட்டது. ரம்ஜான் பீ அம்மா அழகான உருதுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், பக்கத்தில் உங்கள் தபால் ஆபீஸ் முத்திரை, ஆறு ஜூலை. ஒன்றாம் தேதி கடிதம் போயிருக்கும், இருந்தாலும் கவுசர் திருத்திவிடுவாள் என்று நிம்மதியாகத் தூங்கினேன். 20ஆம் தேதி அவர்கள் வந்து இறங்கியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

உனக்கு எப்போது கிடைத்தது என்று நான் கேட்டது, நீயே சொல்லட்டும் என்றுதான். நீ 21 என்று எழுதினாய். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது, வரவில்லை என்று சொல்லமாட்டேன். பிறகு, அந்த அம்மா வாங்கி எங்கேயோ வைத்து மறந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. நான் டிரைவர், வழி இருந்தால் போய்விடுவேன். மூன்று மாதம் அந்த வழியிலேயே போய்க்கொண்டிருந்தேன். அதுவரை அட்டை வண்டியில், ஸ்டியரிங் பக்கத்துப் பெட்டிக்குள் கிடந்தது. வயதான ஒரு அம்மாள் மேல் மனசுக்குள் பழி போட்டதற்கு நீ எனக்காக அவர்களிடம் மன்னிப்புக் கேள்.

தங்கவயல் போனதை ஏன் எழுதவில்லை என்கிறாய். எழுதினால் நீ அழுவாய் என்று தெரியும். இப்போதும் அழுதிருப்பாய். தாயாரம்மாள் வழியெல்லாம் உன்னைப் பற்றித்தான் கேட்டார்கள். "அந்தக் குட்டிப் பொண்ணு எப்படி இருக்குது? வளையல் இப்ப பத்தாதே அதுக்கு" என்று சிரித்தார்கள். மெயில் அனுப்புவது நீதான் என்று சொன்னேன். "அப்டியா? அதாஞ் சரியா வருது" என்றார்கள். அப்போது நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டேன்.

ஐம்பத்தேழு பேர் போனார்கள் என்கிறாய். அப்பாவின் பழைய நோட்டை இன்றைக்கு எடுத்துப் பார்த்தேன். கார்டு திரும்பி வந்தால் அவர் பெயரை அடித்ததே இல்லை. பக்கத்தில் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று எழுதி வைத்திருக்கிறார். சில பெயருக்கு அது நாலு தடவை இருக்கிறது. ஈமெயிலில் அப்படிச் செய்யக்கூடாது என்று நீ சொல்வாய், வேண்டாம் என்றவர்களை விட்டுவிட வேண்டும் என்பாய். சரி, விட்டுவிடு. மிச்சம் நூற்றைம்பத்தைந்து பேரும் ராஜகோபாலும் இருக்கிறார்கள்.

வேலையை வேறு யாரிடமும் கொடுக்கமாட்டேன். நவம்பர் ஒன்றாம் தேதிக் கடிதம் போக வேண்டும். மன்னிப்பில் ஒரே ஒரு வார்த்தை மாற்றிக்கொள்: "நான்" என்ற இடத்தில் "நாங்கள்" என்று போடு.

அந்த அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். வைத்துக்கொள்வதோ கிழித்துப்போடுவதோ உன் இஷ்டம். ஆறு வருஷமாக நீ ஊருக்கு வரவில்லை, கல்யாணத்துக்கு ஆற்காடு வந்துவிட்டு அப்படியே போய்விட்டாய். அட்டையின் ஓரத்தில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது, அப்பா மாதிரி அதில் எழுதியிருக்கிறேன். கையெழுத்து அவருடையது போல இல்லை, பொறுத்துக்கொள்.

"அன்புள்ள கவுசர் குடும்பத்தாருக்கு. வருகிற ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் அரக்கோணம் ஜங்ஷனில் இறங்கவும். தேதி மலையில் கேட்டுப் பிறகு எழுதுகிறேன். வண்டி காத்திருக்கும்."

நஜீர் அகமது